வாடகை பாப்கார்ன் மெஷின்: பள்ளி கார்னிவல் ஸ்டாலுக்கு எடுக்கலாமா?

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிற கடைகள் பலவற்றில் இப்போது பாப்கார்ன் மெஷினும் கிடைக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் சட்டி தொங்குகிற, ஒரு தடவைக்கு எட்டு அவுன்ஸ் (சுமார் 225 கிராம்) சோளம் பிடிக்கிற மின்சார மெஷின்தான் பெரும்பாலும் வரும். சமையல் ஆள் இல்லாமல் பெற்றோர்களே நின்று நடத்துகிற ஸ்டாலுக்கு இது ரொம்பத் தோது. கொதிக்கிற எண்ணெய் சட்டி வெளியில் இருக்காது, மாவு கரைக்க வேண்டாம், சாயமும் தேவையில்லை. ரோடமின்-பி சாயம் கலந்தது தெரிந்து 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்ட பிறகு, பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பது என்று யோசிக்கிற பள்ளிகள் தயங்காமல் இதை எடுக்கலாம்.

ஆனால் எடுப்பதற்கு முன்னால் கரண்டைப் பாருங்கள். மெஷின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஸ்டால் படுப்பது பெரும்பாலும் இதில்தான். இந்த மெஷின் சுமார் 1,400 வாட் இழுக்கும். 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 6 ஆம்பியரைத் தாண்டுகிறது. வகுப்பறைச் சுவரில் இருக்கிற சின்ன பிளக் 6 ஆம்பியருக்குத்தான். அதில் சொருகித் தொடர்ந்து ஓட்டினால் பிளக் சூடேறி இளகக்கூடும். ஏசி, லேப், கேன்டீன் இருக்கிற இடங்களில் 16 ஆம்பியர் பாயிண்ட் இருக்கும். ஸ்டாலை அதன் பக்கத்தில் கேட்டு வாங்குங்கள். ஒயர் இழுத்தே ஆக வேண்டுமென்றால் 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர் போட்டு, சுருளை முழுக்கப் பிரித்து விட வேண்டும். சுருட்டியபடியே விட்டால் ஒயர் சூடேறும்.

மெல்லிசான நீள ஒயரில் வோல்ட்டேஜும் இறங்கும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 200 வந்தால் சட்டிக்குப் போகிற சூட்டில் கால்வாசி போய்விடும். சோளம் வெடிப்பது உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி, 180 டிகிரி வாக்கில் தோலைக் கிழித்துக்கொண்டு வருவதால். சூடு மெதுவாக ஏறினால் அந்த ஈரம் வெடிக்கும் முன்பே கசிந்துவிடும். பொரி சிறுத்து ரப்பர் மாதிரி இழுக்கும், பாதி சோளம் வெடிக்காமலேயே கிடக்கும். இதற்கு மெஷின் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

ஒரு ஈட்டுக்கு அளவு: சோளம் 225 கிராம், எண்ணெய் 75 மில்லி, தூள் உப்பு ஒரு டீஸ்பூன் தட்டையாக. கல் உப்பு ஒட்டாது, அடியில் தங்கிவிடும். முதலில் சட்டியை ஐந்து நிமிடம் வெறுமனே சூடேற்றி, சோளத்தைக் கிளறுகிற துழாவியின் மோட்டாரைப் போட்டுவிட்டு, எண்ணெய், சோளம், உப்பு மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். பட படவென்ற சத்தம் அடங்கி, ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவே இரண்டு மூன்று விநாடி இடைவெளி வந்ததும் கவிழ்த்துவிட வேண்டும். அடியில் நாலு சோளம் மிச்சமிருக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தால் மேலே உள்ளது கருகும். ஒரு ஈடு கருகினால் அந்த வாசனை அடுத்த மூன்று ஈட்டுக்கும் ஏறும்.

கடையில் மெஷினோடு தருகிற மஞ்சள் மசாலா பாக்கெட் வேண்டாம். நிறம் வேண்டுமென்றால் எண்ணெயில் கால் டீஸ்பூனுக்கும் குறைவாக நம்ம ஈரோட்டு மஞ்சள் தூள் போதும். எண்ணெயைப் பொறுத்தவரை செக்கு எண்ணெய் மீது நம் பக்கம் எல்லோருக்கும் பிரியம்தான். இந்தச் சட்டிக்கு மட்டும் அது ஒத்துவராது. செக்குத் தேங்காய் எண்ணெய் 175 டிகிரி வாக்கிலேயே புகையும், சட்டியோ 200ஐத் தாண்டும். செக்குக் கடலை எண்ணெய் என்றால் வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு ஆபத்து. ரீஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெய் வாங்குங்கள். என்னென்ன சேர்த்திருக்கிறது என்று ஒரு அட்டையில் எழுதித் தொங்க விடுவதும் நல்லது.

சோளம் பாப்கார்னுக்கென்றே விற்பதாக இருக்க வேண்டும். உடுமலை, பல்லடம் பக்கம் கோழித் தீவனத்துக்கு விளைகிற மக்காச்சோளம் பொரியாது.

ஒரு ஈட்டில் 20 கிராம் பிடிக்கிற பேப்பர் கூம்பு பன்னிரண்டு வரும். பழகாத கைகளுக்கு மணிக்குப் பத்து ஈடு, அதாவது 120 கூம்பு. 500 கூம்புக்குப் பத்து கிலோ சோளம், மூன்றேகால் லிட்டர் எண்ணெய், நாலேகால் மணி நேரம். கார்னிவல் மூன்று மணி நேரம்தான் என்றால் இரண்டு மெஷின் எடுத்து, இரண்டுக்கும் தனித்தனி பாயிண்ட் கொடுங்கள். சட்டிக்கு ஒருவர், கூம்பு நிரப்ப ஒருவர், டோக்கன் வாங்க ஒருவர் வேண்டும். சட்டியில் நிற்பவர் கூம்பு கொடுக்கவே கூடாது. மணிக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள், சூடு முகத்தில் அடிக்கும்.

கூம்பு பேப்பர் புதியதாக, அச்சு இல்லாததாக இருக்கட்டும். ஸ்டேப்ளர் பின் அடிக்கவே வேண்டாம், மாவுப் பசை போதும். பிளாஸ்டிக் கவர் 2019 ஜனவரியிலிருந்தே தமிழ்நாட்டில் தடை.

மெஷினைக் கனமான மேசையில் உள்தள்ளி வைத்து, மூன்றடி தள்ளிக் கயிறு கட்டுங்கள். எல்கேஜி பிள்ளைகள் உள்ளே பொரி துள்ளுவதைப் பார்க்க நேராக வந்து கண்ணாடியில் இரண்டு கையையும் வைப்பார்கள். "கண்ணு, தள்ளி நில்லு" என்று சொல்லவே ஒரு ஆள் கயிற்றருகே இருக்கட்டும். அக்கா அண்ணனோடு வருகிற தம்பி தங்கைகள் விஷயம் இன்னும் முக்கியம். நாலு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பாப்கார்ன் தரக்கூடாது, பொரியும் தோலும் மூச்சுக்குழாயில் சிக்கும். அவர்கள் அழாமல் இருக்க அதே டோக்கனுக்கு ஒரு கதளிப் பழம் எடுத்துக் கொடுங்கள்.

ஆனி, ஆடியில் நடத்தினால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பெட்டியின் கதவு வழியாகப் புகுந்து பொரியை ஆற வைக்கும். கதவுப் பக்கம் கிழக்கே பார்த்து இருக்கட்டும்.

மெஷினை முந்தைய நாள் மாலையே எடுத்து வந்து ஒரு ஈடு போட்டுப் பாருங்கள். சட்டி சூடேறுகிறதா, துழாவி சுற்றுகிறதா, கவிழ்க்கிற கைப்பிடி இறுக்கமாக இருக்கிறதா, வெடிக்காத சோளம் விழுகிற அடித்தட்டு கூட வந்திருக்கிறதா என்று கடைக்காரர் முன்னிலையிலேயே பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது. திருப்பிக் கொடுக்கும்போது சட்டியைத் தண்ணீரில் முக்கக்கூடாது, உள்ளே ஹீட்டர் காயில் இருக்கிறது. முழுக்க ஆறிய பிறகு ஈரத்துணியால் துடைத்தால் போதும். மிஞ்சின பொரியை மூடி இறுக்கமான போசியில் போட்டு வையுங்கள். மறுநாள் நமத்திருந்தால் வடச்சட்டியில் எண்ணெய் இல்லாமல் இரண்டு நிமிடம் வறுத்தால் மொறுமொறுப்பு திரும்பிவிடும்.