தொங்குற பீஸ் லில்லியா, தொங்காத அக்லோனிமாவா?

வெயிலே விழாத வடக்குப் பக்க பால்கனிக்குச் செடி கேட்டா நர்சரில இந்த ரெண்டுல ஒண்ணைத்தான் எடுத்து நீட்டுவாங்க. பூ இல்லாதப்போ ரெண்டும் ஒண்ணு மாதிரியேதான் இருக்கும், அடியைப் பாருங்க. பீஸ் லில்லிக்கு தண்டே வெளிய தெரியாது, காம்பெல்லாம் மண்ணுலேந்து கொத்தா கிளம்பும், இலை மெல்லிசு, கல்வாழை மாதிரி வரி வரியா நரம்பு ஓடும். அக்லோனிமாவுக்கு பிரம்பு மாதிரி கணு வச்ச தண்டு, இலை தடிப்பு, வெள்ளித் திட்டோ சிவப்போ இருக்கும். பீஸ் லில்லி பூத்துட்டா குழப்பமே இல்ல, குட்டித் தென்னம்பாளை விரிஞ்ச மாதிரி வெள்ளை மடல். பேருதான் லில்லி, ரெண்டுமே சேம்புக் குடும்பம், கடிச்சா பச்சை சேப்பங்கிழங்கோட அதே அரிப்பு, அதனால குழந்தையோ பூனையோ இருந்தா எட்டாத இடத்துல வைங்க.

சரி, வாடுற விஷயம். மூணு நாள் ஊருக்குப் போயிட்டு வந்து பாத்தா பீஸ் லில்லி வெந்த கீரை மாதிரி தொட்டி விளிம்புல படுத்துக் கிடந்துச்சு, போச்சுடான்னு நெனச்சு தண்ணி ஊத்திட்டு சமைக்கப் போனேன், சாயங்காலம் ஒண்ணுமே நடக்காத மாதிரி நிமிந்து நிக்குது. அந்தத் தைரியத்துல அடுத்த தடவை தொங்கினப்பவும் ஊத்தினேன் பாருங்க, அதுதான் தப்பு. மண்ணு ஏற்கனவே ஈரம். கவுத்துப் பாத்தா வேரெல்லாம் பழுப்பு, இழுத்தா தோல் கையோட வந்து நூல் மட்டும் நிக்குது, சாக்கடை நாத்தம். அழுகினதை வெட்டிட்டு கோகோபீட்டும் (தேங்காய் நார்த் தூள்) பெர்லைட்டும் (லேசான வெள்ளைக் கல் துகள்) கலந்து சின்னத் தொட்டிக்கு மாத்தினேன், மூணு இலையோட பொழச்சுது. அதனால விரலை ரெண்டு இன்ச் உள்ள விட்டுப் பாத்துட்டு அப்புறம் ஊத்துங்க. மே மாச மத்தியானம் ஈரம் இருந்தும் தலை தொங்கும், அது வேர் உறிஞ்சுற வேகத்தை விட இலை வேகமா தண்ணியை விடறதால, சாயங்காலம் தானா சரியாயிடும்.

அக்லோனிமா? அதுக்கும் அதே அளவு தண்ணிதான் ஊத்தினேன், ஒரு நாளும் முகம் சுளிக்கல, ஜம்முனு நின்னுச்சு, ஒரு நாள் காலைல தொட்டேன், அடித்தண்டு கொழகொழன்னு ஆகி அப்படியே சாஞ்சிடுச்சு. பத்து நாள் தண்ணி இல்லாம தாக்குப்பிடிக்கும்தான், அடிக்கடி வெளியூர் போறவங்களுக்கு அதுவே சரி, ஆனா சிவப்பு ரகம் வாங்கினா கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் வேணும், இல்லன்னா கலர் மங்கிடும்.

பீஸ் லில்லிக்கு உப்புத் தண்ணி ஆகாது, போர் தண்ணி ஊத்தினா இலை நுனி கருகுது, ஆர்ஓ மெஷின் வெளிய தள்ளுற தண்ணியும் வேணாம், உப்பெல்லாம் அதுலதான் சேந்திருக்கும். நான் ஏசி சொட்டுத் தண்ணியைப் பிடிச்சு ஊத்துறேன்.

என் ஓட்டு பீஸ் லில்லிக்குத்தான், தாகம்னா சொல்லிடுது. இப்போ மூணு தொட்டி ஆயிடுச்சு. அக்லோனிமா ஒண்ணே ஒண்ணு, அதையும் பெட்ரூம் ஜன்னல்ல ஒளிச்சு வச்சிருக்கேன், இல்லன்னா மாமியார் வர்றப்பல்லாம் பாவம்னு ஒரு சொம்பு ஊத்திட்டுப் போயிடறாங்க.