மெட் மியூசியம், நியூயார்க்: லாஹூன் நகைகள்

எகிப்து கேலரிய அவசரமா தாண்டிப் போயிடாதீங்க, அங்க இளவரசி சித்ஹாதோர்யுனெத்தோட மார்புப் பதக்கம் இருக்கு, அகலம் 8.2 செ.மீ.தான் ஆனா அதுக்குள்ள 372 கல்துண்டு, கார்னீலியன், லாபிஸ், டர்க்காய்ஸ்னு ஒவ்வொண்ணையும் அளவா வெட்டி சின்னச் சின்ன தங்க அறைக்குள்ள பதிச்சிருக்காங்க, அதுல இருக்குற பருந்தோட கண்ணுக்கு மட்டும் கார்னெட் கல்லு, அப்பப்பா என்ன வேலை! எகிப்துல லாஹூன்ங்கிற இடத்துல இருந்த அவங்க கல்லறைய அந்தக் காலத்துலயே திருடங்க சூறையாடிட்டாங்க, சேறு அடைச்ச சுவத்து மாடத்துல இருந்த நகைங்க மட்டும் தப்பிச்சிருக்கு. 1914ல தொல்லியல் ஆய்வாளர் பெட்ரி டீம்ல இருந்த ப்ரண்டன் சேத்துலேர்ந்து மணி மணியா பொறுக்கி எடுத்தாராம். கிரீடமும் முகம் பாக்குற கண்ணாடியும் கெய்ரோவுல நின்னுடுச்சு, மத்ததுல பெரும்பகுதிய மெட் 1916ல வாங்கிடுச்சு. ஒரே பொண்ணோட நகை இப்படி ரெண்டு கண்டத்துல பிரிஞ்சு கிடக்குறது எனக்கு வருத்தம்தான். பதக்கத்துக்கு மட்டுமே அரைமணி நேரம் ஒதுக்குங்க.