"சின்னச் சில்லுதான், தானா ஒட்டிக்கும்": இதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்

பைக்கிலிருந்து விழுந்ததில் முட்டிக்குக் கீழே முன்பக்கம் நேராகத் தரையில் மோதியது. ஒரு மணி நேரத்துக்குள் முட்டி பந்து மாதிரி வீங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தது பத்து விநாடி இருக்கும். "எலும்பு முறியல. பின்னாடி எலும்புல சின்னச் சில்லு தெரியுது, தானா ஒட்டிக்கும்." முட்டியைத் தொட்டுப் பார்க்கவே இல்லை. கட்டுப் போட்டு, முட்டிக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்.

கட்டுப் பிரித்த பிறகும் படி இறங்கும்போது முட்டி நழுவுகிற மாதிரியே இருந்தது. கேட்டால், "பிசியோ பண்ணுங்க, சரியாயிடும்." பதினோரு வாரம் இப்படியே ஓடிவிட்டது.

அப்புறம் பார்த்த டாக்டர் என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு முட்டியையும் மடக்கிப் பாதங்களைக் கட்டிலில் ஊன்றச் சொன்னார். கூட வந்த தம்பியைப் பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொன்னார். "அண்ணா, ஒரு கால் உள்ளே போயிருக்கு" என்றான். அடிபட்ட காலில் முட்டிக்குக் கீழே எலும்பு பின்பக்கமாகத் தொய்ந்து, ஒரு பள்ளமே விழுந்திருந்தது. இந்தச் சோதனைக்கு மெஷின் வேண்டாம், ஒரு நிமிடம் போதும்.

அந்தச் 'சின்னச் சில்லு' என்னவென்று அன்றுதான் புரிந்தது. கீழ்க்கால் எலும்பு பின்பக்கம் நழுவாமல் பிடித்துவைக்கிற பிசிஎல் என்ற ஜவ்வு, அந்த எலும்பின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. செடியைப் பிடுங்கினால் வேரோடு மண்ணும் வருமே, அப்படி ஜவ்வு அறாமல், தான் ஒட்டியிருந்த எலும்பைப் பெயர்த்துக்கொண்டு வந்திருக்கிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் இது நல்ல செய்திதான். புது ஜவ்வு வைக்கத் தேவையில்லை; பெயர்ந்த துண்டை அதே இடத்தில் ஸ்க்ரூ போட்டோ நூல் கோத்து இழுத்தோ பொருத்திவிடலாம். இரண்டு மூன்று வாரத்துக்குள் செய்வதே சுலபம். துண்டு இடம் விலகாவிட்டால் பிரேஸ் மட்டுமே போதும் என்பதும் உண்மை. என்னுடையது நன்றாகவே விலகியிருந்தது. அந்தத் தலையணையும் தப்பு! கெண்டைக்காலுக்கு அடியில் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கால் பின்பக்கம் தொய்ந்துகொண்டேதான் இருக்கும்.

பதினோரு வாரத்தில் துண்டைச் சுற்றித் தழும்பு வளர்ந்துவிட்டதாம். பெரிய ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகிற முட்டியின் பின்பக்கமாகத் திறந்து, அந்தத் தழும்பையெல்லாம் சுரண்டி எடுத்து, ஸ்க்ரூவும் வாஷரும் வைத்தார்கள். ஆட்டம் குறைந்திருக்கிறது, முழுசாகப் போகவில்லை. முதல் டாக்டரிடம் போய்க் கேட்டேன். "நீங்க முன்னாடியே வந்திருக்கணும்" என்றார். வரச் சொன்ன தேதிக்கெல்லாம் போய் நின்றவன் நான்.

அடிபட்ட சில மணி நேரத்திலேயே முட்டி வீங்கினால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். வெறும் சுளுக்கு என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பக்கவாட்டு எக்ஸ்ரேயைக் காட்டி, சில்லு எங்கிருந்து வந்தது, எவ்வளவு விலகியிருக்கிறது என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் படத்தை வாங்கிக்கொண்டு அதே வாரத்தில் இன்னொரு எலும்பு டாக்டரிடம் போய்விடுங்கள்.