பதினேழு ஸ்காலர்ஷிப், ஓர் எக்செல் ஷீட்

சித்தி மகன் பி.இ. சிவில் கடைசி வருஷம் படிக்கிறான். போன மாதம் எனக்கு ஓர் எக்செல் ஷீட் அனுப்பினான். வெளிநாட்டில் மாஸ்டர்ஸ் படிக்கக் கிடைக்கும் ஸ்காலர்ஷிப்புகளின் பட்டியல், மொத்தம் பதினேழு. பெயர், நாடு, தொகை, கடைசி தேதி என்று நான்கு தலைப்பு போட்டு, அதிகப் பணம் தருவது மேலே வரும்படி அடுக்கியிருந்தான். "அண்ணா, மேலேருந்து ஒவ்வொண்ணா அப்ளை பண்ணிட்டு வரேன்" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் வேறு.

அந்த ஷீட்டில் இரண்டு தலைப்பைச் சேர்த்துத் திருப்பி அனுப்பினேன். ஒன்று, விண்ணப்பிக்கும்போதே கையில் என்ன இருக்க வேண்டும். இன்னொன்று, படித்து முடித்த பிறகு என்ன கேட்பார்கள். அந்த இரண்டையும் நிரப்பியதும் அவன் பட்டியலில் முக்கால்வாசி அடிபட்டுப் போனது. மேலே இருந்தவைதான் முதலில் போயின.

செவனிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் அரசு 1983 முதல் தருவது. ஒரு வருட மாஸ்டர்ஸ், கல்விக் கட்டணம், விமான டிக்கெட், மாதச் செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆனால் 2,800 மணி நேரம் வேலை பார்த்திருக்க வேண்டும், அதாவது கிட்டத்தட்ட இரண்டு வருடம். பகுதி நேர வேலை, சம்பளமில்லாத தன்னார்வப் பணி, இன்டர்ன்ஷிப் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும் என்பது பலருக்குத் தெரியாது. மதிப்பெண்ணுக்கு அங்கே பெரிய மரியாதை இல்லை. கட்டுரைகளில் தலைமைப் பண்பு, ஆட்களோடு தொடர்பு வளர்க்கும் திறமை, ஏன் பிரிட்டன், அடுத்து என்ன செய்யப் போகிறாய் என்றுதான் கேட்கிறார்கள். இது வெளியுறவுத் துறையின் பணம், நாளைக்கு ஊரில் செல்வாக்குள்ளவராக வரக்கூடியவர்களோடு இன்றைக்கே நட்பு வைத்துக்கொள்ளும் வேலை. இதைப் புரிந்துகொள்ளாமல் எட்டு செமஸ்டர் சிஜிபிஏயைக் கட்டுரையில் கொட்டுகிறவர்கள் முதல் சுற்றிலேயே வெளியேறுகிறார்கள். (என் முதல் விண்ணப்பம் அப்படித்தான் போனது.)

பக்கத்திலேயே இருக்கும் காமன்வெல்த் ஸ்காலர்ஷிப்பும் பிரிட்டிஷ் பணம்தான், ஆனால் குணம் வேறு. உதவி இல்லாமல் பிரிட்டனில் படிக்க வசதியில்லை என்பதும், படிப்பு சொந்த நாட்டின் வளர்ச்சிக்கு எப்படி உதவும் என்பதும் அங்கே முக்கியம். இந்தியாவில் கல்வி அமைச்சகம் வழியாகப் பரிந்துரை போகும் வழி இருக்கிறது. படிப்பில் நல்ல ரெக்கார்டு, பேச்சில் கூச்சம் என்றால் செவனிங்கைவிட இதுதான் தோது.

ஃபுல்பிரைட்-நேரு மாஸ்டர்ஸ் ஃபெலோஷிப் இன்னும் கறார். இந்தியாவும் அமெரிக்காவும் 1950இல் போட்ட ஒப்பந்தத்தில் தொடங்கியது. 2008இல் இந்தியா செலவில் சமபங்கு ஏற்றதும் பெயரில் நேருவும் சேர்ந்தார். மூன்று வருடம் முழு நேர வேலை அனுபவம் வேண்டும், அதுவும் படிக்கப் போகும் துறை சார்ந்ததாக. பி.ஏ., பி.எஸ்சி. மாதிரி மூன்று வருடப் பட்டம் மட்டும் போதாது, மேலே ஒரு முதுகலையோ முழு நேரப் பட்டயமோ இருக்க வேண்டும். அதற்கும் மேலே, எல்லாத் துறைக்கும் இல்லை. பொதுச் சுகாதாரம், நகரத் திட்டமிடல், இதழியல், பொது நிர்வாகம், சுற்றுச்சூழல், பாலினக் கல்வி, கலை மற்றும் பாரம்பரிய மேலாண்மை என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ், எம்பிஏ ஆட்கள் அப்படியே அடுத்த பத்திக்குப் போய்விடலாம்.

அவன் ஷீட்டில் மேலே இருந்த இந்த மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு: திரும்பி வர வேண்டும். செவனிங்கில் படிப்பு முடிந்து இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். காமன்வெல்த்திலும் முடித்தால் ஊர் திரும்புவதுதான் ஒப்பந்தம். ஃபுல்பிரைட்டில் கிடைப்பது ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசா. அதோடு வரும் இரண்டு வருட விதி அமெரிக்கச் சட்டத்திலேயே இருப்பது. அந்த இரண்டு வருடத்தை இந்தியாவில் கழிக்காமல் எச்-1பி வேலை விசாவோ கிரீன் கார்டோ கிடையாது. சுற்றுலா விசாவில் போய் வரலாம், மறுபடி மாணவர் விசா கூட எடுக்கலாம், வேலை விசாவும் குடியேற்றமும்தான் அடைபடும். விலக்கு வாங்கலாம் என்று சில கன்சல்டன்சிக்காரர்கள் சொல்வார்கள். அரசுப் பணத்தில் போனவர்களுக்கு அது லேசில் கிடைப்பதில்லை, அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். வெளிநாட்டில் செட்டில் ஆவதுதான் குறிக்கோள் என்றால் இந்த மூன்றும் இலவசம் இல்லை. விலை இரண்டு வருடம்.

விலையே கேட்காத கடை ஒன்றும் இருக்கிறது: எராஸ்மஸ் முண்டஸ். ஐரோப்பிய ஒன்றியம் 2004 முதல் நடத்துவது. பல பல்கலைக்கழகங்கள் கூட்டாக ஒரு படிப்பை நடத்தும், நீங்கள் குறைந்தது இரண்டு நாட்டில் படிக்க வேண்டும். ஸ்காலர்ஷிப் கிடைத்தால் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ கையில் வரும், அதிகபட்சம் 24 மாதம். கடைசி வருஷம் படிக்கும்போதே விண்ணப்பிக்கலாம், பெரும்பாலான படிப்புகளுக்கு வேலை அனுபவம் கட்டாயமில்லை. ஊர் திரும்பும் நிபந்தனையும் இல்லை. தம்பி ஷீட்டில் இது பதினொன்றாவது இடத்தில் கிடந்தது! காரணம் எளிது. செவனிங்குக்கும் ஃபுல்பிரைட்டுக்கும் கட்டணத்தையும் சேர்த்துப் போட்டிருந்தான், இதற்கு மாதத் தொகையை மட்டும் போட்டிருந்தான்.

சங்கடங்களும் இருக்கின்றன. அந்த 1,400 யூரோவுக்குள்தான் விமானச் செலவு, விசாச் செலவு, வீட்டு அட்வான்ஸ் எல்லாம். செமஸ்டருக்கோ வருஷத்துக்கோ ஒருமுறை பெட்டி கட்ட வேண்டும். முண்டஸ் ஜர்னலிசம் படிப்பில் முதல் ஆண்டு டென்மார்க்கின் ஆர்ஹுஸ், இரண்டாம் ஆண்டு வேறொரு நாடு. லிஸ்பனிலோ வார்சாவிலோ தாராளமாக இருக்கும் பணம் கோபன்ஹேகனில் இறுக்கிப் பிடிக்கும். அப்புறம், பொதுவான ஒரே விண்ணப்பம் என்று எதுவும் இல்லை, ஒவ்வொரு படிப்புக்கும் தனி இணையதளம், தனி விதி. பெரும்பாலும் அக்டோபரில் திறந்து ஜனவரி வாக்கில் மூடிவிடுவார்கள். உங்களுக்காகச் சிபாரிசுக் கடிதம் எழுதும் பேராசிரியரிடம் தீபாவளிக்கு முன்னாலேயே பேசிவிடுங்கள், பொங்கல் லீவில் போன் செய்தால் எடுக்கமாட்டார்.

ஜெர்மனிக்குத் தனிக் கணக்கு. டிஏஏடி (ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவை) அமைப்பின் வளர்ச்சித் துறை சார்ந்த மாஸ்டர்ஸ் ஸ்காலர்ஷிப்புக்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், பட்டம் வாங்கி ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. மாதம் 992 யூரோ. இந்த எண்ணை இன்னொரு இடத்திலும் பார்ப்பீர்கள். சொந்தச் செலவில் ஜெர்மனி போகும் மாணவர் விசாவுக்காக முடக்கக் கணக்கில் (பிளாக்ட் அக்கவுன்ட்) காட்ட வேண்டிய தொகை வருடத்துக்கு 11,904 யூரோ, பன்னிரண்டால் வகுத்தால் அதே 992. அதாவது ஒரு மாணவர் மாதம் ஓட்ட இவ்வளவு போதும் என்று ஜெர்மனி நினைக்கும் தொகைதான் இரண்டிலும். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே கிடையாது என்பதால், ஸ்காலர்ஷிப் கிடைக்காவிட்டாலும் பாதி ஸ்காலர்ஷிப் கிடைத்த மாதிரிதான். பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள், மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் வெளிநாட்டவரிடம் கட்டணம் வாங்க ஆரம்பித்துவிட்டது. மற்றபடி பன்னிரண்டு, பதிமூன்று லட்சத்தை வீட்டில் திரட்ட முடிந்தால் இது நேர்வழி. முடக்கக் கணக்கில் போடுவது கட்டணம் இல்லை, மாதாமாதம் உங்களுக்கே திரும்பி வரும் பணம் என்று அப்பாவுக்கு இரண்டு முறை விளக்க வேண்டியிருக்கும். இந்திய மாணவர்களுக்கு, படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம், அதற்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள்.

நம் ஊர்ப் பணமும் இருக்கிறது. மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், மரபுக் கைவினைஞர் குடும்பங்களுக்கானது. இந்தியா முழுமைக்கும் 125 இடம், குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள். 2022இல் இந்தியாவின் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய பாடங்களுக்கு இந்தப் பணம் இல்லை என்று விதி கொண்டுவந்தார்கள். சாதியைப் பற்றி வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்யப் போகிறவருக்கு அது கதவடைப்புதான், எனக்கு இன்றுவரை அந்த விதி விளங்கவில்லை. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிடருக்கும் உண்டு; வருடத்துக்கு 36 லட்சம் ரூபாய் வரை. தகுதி இருப்பவர்கள் செவனிங்குக்கு முன்னால் இதைப் பார்க்க வேண்டும். திட்டத்தின் பெயரில் இருக்கும் அம்பேத்கரே உதவித்தொகையில்தான் 1913இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். பரோடா மன்னர் தந்தது மாதம் பதினொன்றரை பவுண்டு. பதிலுக்குப் பத்து வருடம் சமஸ்தானத்தில் வேலை பார்ப்பதாக எழுதிக் கொடுத்திருந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார், பரோடாவில் அவருக்கு நிலையாகத் தங்க ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை.

ஜே.என். டாடா அறக்கட்டளையையும் தம்பி சேர்த்திருந்தான். 1892 முதல் நடக்கும் மதிப்பான திட்டம், ஆனால் அது கடன் ஸ்காலர்ஷிப். திருப்பிக் கட்ட வேண்டும். பட்டியலில் வைத்துக்கொள், வேறு கட்டத்தில் வை என்றேன்.

கடைசியில் அவனுக்கு நின்றவை எராஸ்மஸ் முண்டஸில் மூன்று படிப்பும், ஸ்காலர்ஷிப் இல்லாத ஜெர்மனியும். கொஞ்சம் முகம் வாடினான். இதில் வேடிக்கை என்னவென்றால், மேலே அடிபட்ட ஃபுல்பிரைட் அவன் அக்காவுக்கு அச்சாகப் பொருந்துகிறது. எம்.எஸ்.டபிள்யூ. முடித்து நான்கு வருடமாகப் பொதுச் சுகாதாரத்தில் வேலை. படித்துவிட்டு இங்கேயே திரும்பி வர வேண்டும் என்பது அவளுக்கு நிபந்தனையே இல்லை, எப்படியும் வரத்தான் போகிறாள். வீட்டில் யாரும் அவளிடம் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நேற்று ஷீட்டைத் திறந்தேன். கீழே புதிதாக ஒரு டேப் முளைத்திருந்தது, அவள் பெயரில்.