கேட்டை முதலில் கையால் தள்ளிப் பார்க்கிற மனிதர் – சுங்கை சிப்புட்டில் ஆட்டோகேட் சர்வீஸ்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் டவுனில் ஆட்டோகேட் (மோட்டாரில் திறக்கிற வாசல் கேட்), ரோலர் ஷட்டர் வேலை செய்கிற ஒருவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம். போன வாரம் மூன்றாவது வருட சர்வீஸுக்கு வந்துவிட்டுப் போனார், இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன். பழைய கடைவரிசையின் கோடியில் சின்னக் கடை. செம்பனை ஆலையில் பல வருடம் ஃபிட்டராக இருந்தவர், ஆலை வேலையை விட்டபின் இதைத் தொடங்கியிருக்கிறார். உதவிக்கு அவர் மகன் மட்டும்தான்.

நான் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள், அங்கே கேட்டும் கிடையாது சுவரும் கிடையாது. தாமானில், அதாவது டவுன் குடியிருப்பில், வீடு வாங்கி ஆட்டோகேட் போட்டபோது அதற்குப் பராமரிப்பு என்று ஒன்று உண்டு என்பதே எனக்குத் தெரியாது. பட்டனை அழுத்தினால் திறக்கும், அவ்வளவுதான் தெரியும். நாலாவது வருடம் இடப்பக்கக் கதவு பாதி வழியில் நிற்க ஆரம்பித்தது. அப்போது வந்த வேறொரு ஆள் கீல்களில் ஸ்பிரே அடித்து, மோட்டாரின் கன்ட்ரோல் பெட்டியைத் திறந்து ஏதோ ஒன்றைத் திருகிவிட்டு 60 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டார். ஆறு மாதத்தில் அதே கதை, மறுபடியும் திருகல். மூன்றாவது தடவை மோட்டார் போய்விட்டது, செட்டாகத்தான் மாற்ற வேண்டும், 1,900 வெள்ளி ஆகும் என்றார். அவர் திருகியது மோட்டாரின் தள்ளுவிசையைக் கூட்டுகிற திருகு என்று அப்போது எனக்குத் தெரியாது. கதவு இறுகினால் விசையைக் கூட்டுவது, இன்னும் இறுகினால் இன்னும் கூட்டுவது. இதில் என்ன ஆபத்து என்றால், அப்படிக் கூட்டிவைத்த கதவு குறுக்கே ஒரு குழந்தை நின்றாலும் நிற்காமல் தள்ளிக்கொண்டே போகும். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

அந்த ஜனவரியில் மகளின் பிரசவத்துக்காகக் கனடாவில் எட்மன்டனுக்குப் போனேன். ஒரு நாள் காலை வெளியே மைனஸ் 28, வீட்டை ஒட்டிய கார் கராஜில் துப்பாக்கி சுட்டதுபோல ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் கதவுக்கு மேலே குறுக்குக் கம்பியில் சுற்றியிருந்த இரண்டு பெரிய ஸ்பிரிங்குகளில் ஒன்று துண்டாக உடைந்து நடுவில் இரண்டு விரல் இடைவெளி. மோட்டார் உறுமுகிறது, கதவு அசையவில்லை, கார் உள்ளே மாட்டிக்கொண்டது. பழுதுபார்க்க வந்தவரிடம் மருமகன் கேட்டுக் கேட்டு எனக்கும் விளக்கினார். அந்தக் கதவு 70 கிலோவுக்கு மேல் இருக்கும், அந்த எடையைத் தாங்குவது ஸ்பிரிங்தான், மோட்டார் சும்மா கூடவே நடத்திப் போகிறது. சாதாரண ஸ்பிரிங் 10,000 தடவை திறந்து மூடுவதற்குக் கணக்குப் போட்டுச் செய்தது. ஒரு நாளைக்கு நாலு தடவை என்றால் ஏழு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அவர்கள் வீட்டுக்கு வயது எட்டு. ஏற்கெனவே களைத்துப்போன இரும்பு, குளிரில் முறுக்குத் தாங்காது, போட்ட கிரீஸும் கெட்டியாகிவிடும், அதனால்தான் பெரும்பாலும் கடுங்குளிர் காலையில் உடைகிறது என்றார். ஒன்று உடைந்தாலும் இரண்டையும் மாற்றினார், இரண்டுக்கும் ஒரே வயது.

மாற்றி முடித்ததும் மோட்டாரை ஓட்டுவார் என்று பார்த்தேன். இல்லை. சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரைக் கழற்றிவிட்டு, கதவைக் கையால் பாதி உயரம் தூக்கி விட்டார். அது அப்படியே நின்றது. ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. இப்படி நின்றால்தான் ஸ்பிரிங் சரி, விழுந்தால் அதோடு மல்லுக்கட்டாமல் ஆளைக் கூப்பிட வேண்டும், ஏனென்றால் முறுக்கேறிய அந்த ஸ்பிரிங் கையையே ஒடித்துவிடும். அங்கே பனிக்காலத்துக்கு முன்னால், செப்டம்பர் அக்டோபரிலேயே, உருளைகளுக்கும் கீல்களுக்கும் சிலிகான் ஸ்பிரேயோ வெள்ளை லித்தியம் கிரீஸோ போட்டுவிடுகிறார்கள், தண்டவாளத்தைத் துணியால் துடைப்பதோடு சரி, அதில் கிரீஸ் தடவுவதில்லை. கதவின் அடி ரப்பரிலும் சிலிகான் அடிக்கிறார்கள். இல்லாவிட்டால் உருகிய பனித்தண்ணீர் உறைந்து ரப்பரைத் தரையோடு ஒட்டிவிடும், அந்த நேரத்தில் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் ரப்பர் கிழியும் அல்லது மோட்டாரின் பல்சக்கரம் தேயும். வெந்நீர் ஊற்றினால் அதுவும் உறைந்து இன்னும் மோசம்.

சரி, ஊருக்கு வருகிறேன். திரும்பி வந்து இந்த ஃபிட்டரைக் கூப்பிட்டேன். வந்தவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. “சாவி குடுங்க டீச்சர்” என்று வாங்கி, இரண்டு கதவிலும் மோட்டாரைக் கதவோடு இணைக்கிற கம்பியை விடுவித்து, ஒரு கையால் தள்ளிப் பார்த்தார். வலக்கதவு லேசாகப் போனது. இடக்கதவு கீழே உரசி நின்றது. எனக்கு எட்மன்டன் ஞாபகம் வந்துவிட்டது, அங்கே மைனஸ் 28-இல் ஒருவர் செய்ததையே இங்கே வேர்வை வழிய இவர் செய்கிறார். “மோட்டார்ல ஒண்ணுமில்ல டீச்சர், கதவுதான் இறங்கிடுச்சு. அது என்ன பண்ணும், இழுத்து இழுத்துப் பாத்திருக்கு” என்றார். அடிப் பேரிங் தேய்ந்திருந்தது. மகனோடு சேர்ந்து கதவைத் தூக்கி இறக்கி, பேரிங் மாற்றி, கிரீஸ் வைத்து, மறுபடி தள்ளிப் பார்த்து, அதற்கப்புறம்தான் பெட்டிக்கு வந்தார். விசையைக் குறைத்தார். 12 வோல்ட் பேட்டரி இரண்டும் உப்பியிருந்தன, மாற்றினார். எல்லாம் சேர்த்து 310 வெள்ளி. அதே மோட்டார் இன்றைக்கும் ஓடுகிறது.

நம் ஊரில் பனி இல்லை, மழையும் இடியும் பல்லியும் எறும்பும் உண்டு. பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டியிருந்தது, பல்லி முட்டை வேறு. வயர் நுழைகிற ஓட்டையைச் சிலிகான் வைத்து அடைத்து, உள்ளே இரண்டு அந்துருண்டை போட்டார். மின்னலுக்கு ஒரு சர்ஜ் பாதுகாப்புக் கருவி மாட்டினார். அது இருந்தாலும் பெரிய இடி வரும்போது சுவிட்சை அணைத்துவிடுங்கள், பேட்டரியில் கேட் ஓடும் என்றார். டபிள்யூடி-40 பற்றியும் கேட்டேன். அது துருவை இளக்கவும் ஈரத்தை விரட்டவும் நல்லது, ஆனால் கீலில் நின்று வேலை செய்யாது, துடைத்துவிட்டு மேலே கிரீஸ் வேண்டும் என்று சொன்னார்.

அமெரிக்காவில் 1993 முதல் தயாரான வீட்டுக் கராஜ் மோட்டார்களுக்கு, குறுக்கே ஏதாவது வந்தால் கதவைத் திருப்பி அனுப்பும் சென்சார் போன்ற பாதுகாப்பு கட்டாயம். கனடாவில் மகள் வீட்டிலும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் இரண்டு சென்சார் கண்கள் இருந்தன. எங்கள் கேட்டில் அது இல்லவே இல்லை. பேரன் வரப்போகிறான் என்று சொன்னதும் அவரே போடச் சொல்லி வற்புறுத்தினார், 150 வெள்ளி ஆனது. யார் வீட்டில் பிள்ளைகள் இருந்தாலும் தயவுசெய்து இதைப் போட்டுவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

குறை இல்லாமல் இல்லை. பத்து மணி என்றால் பன்னிரண்டுக்கு வருவார். ரசீது கேட்டால்தான் எழுதுவார். பழைய மாடல் ரிமோட் வைத்திருக்க மாட்டார், அதற்கு ஈப்போவுக்குத்தான் போக வேண்டும். லிந்தாங் பக்கம் உள்ளே இருக்கிற வீடுகளுக்கு 20 வெள்ளி கூடுதல், அது நியாயம்தான் என்று நினைக்கிறேன்.

வருட சர்வீஸ் 80 வெள்ளி, கதவு தள்ளிப் பார்ப்பது, கிரீஸ், பேட்டரி சோதனை, பெட்டி சுத்தம் எல்லாம் அதில் அடக்கம். அக்டோபர் நவம்பரில் சாயங்கால இடி மழை பிடித்துக்கொண்டால் ஊரில் பாதிப் பேர் அவரைத்தான் கூப்பிடுவார்கள், அதோடு தீபாவளியும் சேர்ந்துகொள்ளும். நான் ஆகஸ்ட் கடைசியிலேயே போன் செய்து நாள் வாங்கிவிடுகிறேன்.