சம்பளமா, கமிஷனா, சாவிக்கொத்தா? மதுரைல வாடகை லைனுக்கு வர்றவங்களுக்கு

தங்கச்சி மகன் பி.காம் முடிச்சுட்டு வந்து, "மாமா, நானும் ஒங்க லைனுக்கே வந்துரவா"ன்னு கேட்டான். எந்த லைனுக்குடான்னு கேட்டா முழிக்கிறான். வாடகை வேலைங்கிறது மதுரைல மூணு வேற வேற பொழப்பு. கம்பெனி சம்பளத்துல மேனேஜர், வீட்டு புரோக்கர், அப்புறம் வெளியூர் ஓனருகளோட வீட்டப் பாத்துக்கிற ஆளு. மொதலாவதுல நான் இருந்தது பதினோரு மாசம் (வாடகை அக்ரிமென்ட் மாதிரியே), ரெண்டாவதுல எட்டு வருசம் அலைஞ்சேன், இப்ப மூணாவது.

சம்பள வேலை பத்திச் சொல்ல ரொம்ப ஒண்ணும் இல்ல. பெரிய காம்ப்ளெக்ஸ், அப்பார்ட்மென்ட்னு இருக்கும், எக்செல் தெரியணும், கடைக்காரங்களுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டு பில் அனுப்பணும், மாசம் பொறந்தா காசு வந்துரும். ஆனா நம்ம ஊர்ல அந்த மாதிரி வேலை விரல் விட்டு எண்ணுற அளவுதான், மேல போகணும்னா கோயமுத்தூரு, சென்னைன்னு பெட்டியக் கட்டணும். அம்மா கையில சாப்புட்டுப் பழகுன பய, அவன் போவானாங்கிறது வேற விசயம்.

புரோக்கர் வேலைக்கு மொதலீடு ஒரு வண்டி, ஒரு போனு, நல்ல செருப்பு. கே.கே.நகர், எஸ்.எஸ்.காலனி, திருநகர், ஐயர் பங்களான்னு தெருத்தெருவாச் சுத்தி டூலெட் போர்டு பாக்கணும், அயன்காரர் கடை, பலசரக்குக் கடைல எல்லாம் பழக்கம் வச்சுக்கணும், அவங்களுக்குத்தான் எந்த வீடு காலியாகுதுன்னு மொதல்ல தெரியும். முடிஞ்சா ஒரு மாச வாடகை கமிஷன். 9000 ரூவா வீடு மாசம் மூணு முடிச்சா 27,000, கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆடில ஒருத்தரும் வீடு மாற மாட்டாங்க, மார்கழிலயும் அதேதான், அந்த ரெண்டு மாசமும் பெட்ரோலுக்கே கடன் வாங்கிருக்கேன். வீட்டக் காட்டுறதுக்கு முன்னாடியே ஓனரு "என்ன ஆளுக?"ன்னு கேப்பாரு பாருங்க, அது இன்னிக்கும் எனக்குத் தொண்டையில சிக்குற முள்ளு. ஒரு தடவ வில்லாபுரத்துல நாலு வீடு காட்டி அஞ்சாவது வீடு பிடிச்சுப்போச்சு, மறுநா ஓனரும் குடிவந்தவரும் நேரா பேசி முடிச்சுட்டு என் போன எடுக்கவே இல்ல.

ஒத்தி பத்தித் தனியாச் சொல்லணும். மொத்தமா அஞ்சு லட்சம், ஏழு லட்சம்னு குடுத்துட்டு வாடகை இல்லாம குடியிருக்கிறது நம்ம பக்கம் சகஜம், கமிஷனும் பெருசு. ஆனா வில்லங்கம் (வீட்டு மேல கடன் கிடன் பதிஞ்சிருக்கான்னு காட்டுற சர்டிபிகேட்டு) போட்டுப் பாக்காம முடிச்சு விட்றாதீங்க. வீடு பேங்க் கடன்ல இருந்து ஓனரு கட்டாமப் போனா குடியிருந்தவரு காசு சிக்கிரும், அவரு மொதல்ல தேடி வர்றது ஒங்க வீட்டுக்குத்தான். ஒத்திய ரிஜிஸ்டர் பண்ணித்தான் ஆகணும், இருபது ரூவா பத்திரத்துல எழுதிக்கிட்டா செல்லாது.

மூணாவதுதான் இப்ப என் கையில இருக்க சாவிக்கொத்து. ஓனரு சிங்கப்பூர்ல, துபாய்ல, இல்ல சென்னைல இருப்பாரு, நான் ஆள் பிடிச்சு, வாடகை வாங்கி, பெயின்ட் அடிச்சு, பிளம்பரக் கூப்டு எல்லாம் பாக்கணும். வாடகைல எட்டு சதவீதம் எடுக்குறேன். அதே 9000 ரூவா வீட்டுக்கு மாசம் 720 தான், 25,000 பாக்கணும்னா முப்பத்தஞ்சு வீடு வேணும், அது ஒரு வருசத்துல சேராது. ஆனா ஆடிலயும் வரும். வீடு காலியானா புது ஆள் வைக்கிற கமிஷனும் நமக்குத்தான்.

புரோக்கருக்குத் தேவப்படாத படிப்பு இதுல வேணும். 2017ல போட்ட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரில அமலுக்கு வந்துச்சு, அதுப்படி அக்ரிமென்ட் எழுத்துல இருக்கணும், வாடகை அதிகாரிகிட்ட பதியணும், அக்ரிமென்ட்ல வேற மாதிரி எழுதலேன்னா மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக்கூடாது. பத்து மாச அட்வான்ஸ் கேட்டே பழகுன ஓனருகளுக்கு இத எடுத்துச் சொல்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிரும். ஓனரு வெளிநாட்டுல செட்டிலானவரா இருந்தா வாடகை எவ்ளோ கம்மியா இருந்தாலும் குடியிருக்கவரு 30 சதவீதமும் அதுக்கு மேல செஸ்ங்கிற கூடுதல் வரியும் டிடிஎஸ்ஸா, அதாவது ஓனரோட வருமான வரியா, வாடகைல இருந்தே பிடிச்சுக் கட்டணும், நெறைய பேருக்கு இது தெரியவே தெரியாது. ஓனருக்குப் பதிலா நீங்க கையெழுத்துப் போடணும்னா அவரு எழுதிக் குடுக்குற பவர் பத்திரம் வேணும், வாட்ஸ்அப்ல "ஓகே"ன்னு போட்டாப் பத்தாது.

தொல்லைன்னு பாத்தா புரோக்கருக்கு வீடு முடிஞ்சா முடிஞ்சது, இங்க ராத்திரி பதினோரு மணிக்கு "அண்ணே, தண்ணி வரல"ன்னு போன் வரும். மாடி, கீழ்வீட்டுக்கு ஒரே மீட்டரு வச்சிருந்தா ரெண்டு மாசத்துக்கு ஒருக்க கரண்டு பில்லுக்குப் பஞ்சாயத்து. உப்புத் தண்ணி கொழாயத் தின்னுரும்.

மருமகனுக்கு நான் சொன்னது இதுதான்: ரெண்டு வருசம் புரோக்கராச் சுத்து, தெருவும் ஆளும் பழகட்டும், நேர்மையா நடந்துக்கிட்டா அதுலயே அஞ்சாறு ஓனரு சாவிய ஒன் கையில குடுப்பாங்க. சம்பள வேலை கெடச்சா அத ஒரு வருசம் பில் போடக் கத்துக்கிற எடமா வச்சுக்க. இப்போதைக்கு விளாங்குடில ஒரு வீட்டுச் சாவியக் குடுத்து அனுப்பிருக்கேன், அங்க மோட்டார் ஓடலையாம்.