சனி ஞாயிறுக்கு இடமில்லாத டயறி

எனக்கு விசுவமடுப் பக்கம், பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் ஒரு சின்னப் பலசரக்குக் கடை. மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு, இரண்டாம் வருடம். ஜனவரியில் கிளிநொச்சிக்குச் சாமான் எடுக்கப் போன இடத்தில் ஒரு புத்தகக்கடை மேசையில் இந்த டயறியைக் கண்டேன். கெட்டி மட்டை, சுருள் கம்பி, பக்கம் அடையாளம் வைக்க ஒரு நாடா, பின்னால் கடதாசி வைக்க ஓர் உறை. மேலே ‘மாணவர் திட்டக் குறிப்பேடு’ என்று பொன்னிற எழுத்து. விலை 950 ரூபாய். அந்தக் காசுக்கு இரண்டு சிஆர் கொப்பி வாங்கலாமே என்று யோசித்துக்கொண்டுதான் வாங்கினேன்.

வாங்கக் காரணம் இருந்தது. பிள்ளைக்குப் பாடம் மூன்றுதான்: உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல். ஆனால் வேலை கொடுப்பவர்கள் ஆறு பேர். பள்ளிக்கூடத்தில் மூன்று பேர், ரியூசனில் மூன்று பேர். பொது ஆங்கிலம் அதற்கு மேலே. பிள்ளைக்குத் தன்னுடைய பாடம் ஒன்றுதான் இருக்கிறது என்ற நினைப்பில்தான் ஒவ்வொருவரும் ரியூட், அதாவது பயிற்சித் தாள், கொடுக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு அலகு ஓடும், ரியூசனில் வேறொன்று ஓடும். வியாழன் இரவு பத்து மணிக்கு, “அம்மா, நாளைக்கு இரசாயனவியல் ரெஸ்ற், மறந்துபோனன்” என்று அழுகை வரும். ஒரு தவணை முழுவதும் இதே கதை.

சரி, டயறிக்கு வருகிறேன். ஒரு பக்கம் ஒரு கிழமை. திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் ஒவ்வொரு நாளுக்கும் நல்ல அகலமான பெட்டி, அதற்குள் எட்டுப் பாடவேளைக்கு எட்டுக் கோடு. அடியில், தபால் முத்திரை அளவில், சனியும் ஞாயிறும். இதைத் தயாரித்தவர் வீட்டில் உயர்தரம் படித்த பிள்ளை யாரும் இருந்திருக்கமாட்டார்கள். உயர்தரப் பிள்ளைக்குச் சனி, ஞாயிறுதான் கிழமையின் கனத்த நாட்கள். சனி காலை ஏழரைக்குக் கிளிநொச்சியில் பௌதிகவியல், அது முடியத் தேத்தண்ணிகூட இல்லாமல் இரசாயனவியல், பின்னேரம் பேப்பர் வகுப்பு. ஞாயிறு உயிரியல். புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து வரும் முதல் பஸ்ஸைத் தவறவிட்டால் பாதி வகுப்பு போய்விடும். வேலை குவிகிற அந்த இரண்டு நாளுக்கும் இடமில்லை. திங்கட்கிழமை எட்டுக் கோட்டில் ஆறு கோடு வெறுமையாகக் கிடக்கிறது.

வீட்டுவேலை என்று போட்ட நிரலும் அப்படித்தான். பரீட்சையிலே முதலாம் பத்திரம் 50 பல்தேர்வு, இரண்டு மணித்தியாலம். இரண்டாம் பத்திரம் மூன்று மணித்தியாலம்; பௌதிகவியல் என்றால் அமைப்புக் கட்டுரை நாலும் கட்டாயம், பிறகு கட்டுரை ஆறில் நாலு. ஆகவே சேர்மார் கொடுக்கும் வேலையும் அந்த மாதிரித்தான் இருக்கும்: இந்த வருடத்துப் பல்தேர்வு இத்தனையிலிருந்து இத்தனை வரை, அந்த வருடத்துக் கட்டுரை இரண்டு, ரியூட் கடைசிப் பக்கம். அரை விரல் அகல நிரலில் இதை எழுத எறும்பு எழுத்துத்தான் வேண்டும். ஜெல் பேனையால் எழுதினால் மை மற்றப் பக்கத்துக்கு ஊறுகிறது. கம்பி மே மாதமே கழன்றது.

முதல் பக்கத்தில் ‘என் இலக்கு இசட் புள்ளி’ என்று ஒரு பெட்டி. மகள் அதைப் பார்த்துச் சிரித்தாள். பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்கப் பார்க்கிற இசட் புள்ளி என்பது அந்த வருடம் எழுதிய எல்லோருடைய புள்ளியின் சராசரியையும் விலகலையும் வைத்துக் கணிப்பதாம். தான் எத்தனை கேள்வி சரியாகச் செய்ய வேண்டும் என்பதைத்தான் தன்னால் தீர்மானிக்க முடியும் என்றாள். அதோடு இடம் கிடைக்க வேண்டிய குறைந்த புள்ளி, அந்த வெட்டுப்புள்ளி, மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. கடைக்கு வருகிறவர்கள், “பின்தங்கிய மாவட்டம்தானே, பிள்ளை கோட்டாவில போயிரும்” என்று வெகு சுலபமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தக் கோட்டா மொத்த இடத்தில் ஐந்து வீதம், அதையும் பல மாவட்டங்கள் பங்கு போட வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை. அந்தப் பெட்டி இன்றைக்கும் காலியாகத்தான் இருக்கிறது.

இதெல்லாம் சின்னக் குறை. டயறியை நான் ஒதுக்கி வைத்ததற்குக் காரணம் வேறு. அச்சடித்த திகதி அசையாது. எங்கள் ஊரில் திகதிகள் அசைந்துகொண்டே இருக்கும். மழை என்றால் ரெஸ்ற் அடுத்த கிழமை. சேருக்குக் கருத்தரங்கு என்றால் அதற்கு அடுத்தது. ஒரு இரசாயனவியல் ரெஸ்ற் நாலு தரம் தள்ளிப்போனது, நாலு பக்கத்தில் எழுதி நாலு பக்கத்திலும் வெட்டினாள். எது உயிரோடு இருக்கிறது, எது செத்தது என்று அவளுக்கே தெரியவில்லை. நாட்டுப் பரீட்சையே இந்தக் கதைதானே. 2022ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சையை 2023இல் எழுதினார்கள். 2024இல் நவம்பர் 25 தொடங்கியது, இரண்டு நாளில் மழை வெள்ளத்தால் நின்று டிசம்பரில்தான் திரும்பத் தொடங்கியது. ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிற டயறி யாருடைய உயர்தரத்தோடு பொருந்தும்?

ஒரு நாள் கடையில் கடன் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. என் கொப்பியில் நாளுக்குப் பக்கம் இல்லை, ஆளுக்குத்தான் பக்கம். யார், என்ன எடுத்தார், எப்போது எடுத்தார், எப்போது தீர்த்தார். காலபோக (மாரிப் பயிர்) அறுவடை முடிய நெல்லுக் காசில் தருகிறேன் என்பவரும் உண்டு, வெள்ளிக்கிழமைச் சம்பளத்தில் தருகிறவரும் உண்டு. தவணை தள்ளிப்போனால் அதே வரியில் பக்கத்தில் புதுத் திகதி எழுதுவேன். தீர்ந்தால் ஒரு வெட்டு. வெட்டாத வரி கண்ணில் குத்தும். வீட்டுவேலையும் கடன்தானே!

இருநூறு பக்க சிஆர் கொப்பி ஒன்று எடுத்து, ஆறு பேருக்கும் முப்பது முப்பது பக்கம் பிரித்துக் கொடுத்தேன். ‘தந்த நாள், வேலை, கேட்ட நாள், தீர்ந்த நாள்’ என்று நாலு நிரல். ரெஸ்றுக்கு இன்னும் இரண்டு: எடுத்த புள்ளி, பிழைத்த இடம். கடைசி நிரல் மகளின் யோசனை. ‘அலைகள், வரைபு வாசிக்கப் பிழை’ என்று மூன்று ரெஸ்றில் வரிசையாக இருந்ததைப் பார்த்த பிறகுதான் அவள் அந்த அலகைத் திரும்ப எடுத்துப் படித்தாள். 950 ரூபாய் டயறி அதைச் சொல்லியிருக்காது.

முதல் மாதம் ஒரு கூத்தும் நடந்தது. இரண்டு கொப்பிக்கும் ஒரே நீல மட்டை. பிள்ளை அவசரத்தில் என் கடன் கொப்பியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். சேர் வீட்டுவேலையைப் பார்க்கத் திறந்தால், ‘சீனி 2 கிலோ, தேங்காயெண்ணெய் போத்தல் 1, அறுவடைக்கு’ என்று இருந்திருக்கிறது. அவர் வாசித்துவிட்டு, “பிள்ளை, இந்த ஆள் இன்னும் காசு தரேல்லைப் போல” என்றாராம். இங்கே கடையில் நான் யாருக்குச் சாமான் கொடுப்பது, எதில் எழுதுவது என்று நாள் முழுக்க முழித்தேன். இப்போது அவளுடையதற்குச் சிவப்பு உறை.

டயறியை எறியவில்லை, அதையும் சொல்ல வேண்டும். மாதம் ஒரு பார்வையில் தெரிகிற பக்கங்கள் உண்மையிலேயே நல்லவை. போயா, பொது விடுமுறை எல்லாம் சரியாகக் குறித்திருக்கிறது. கழன்ற பக்கங்களில் அவற்றை மட்டும் எடுத்துக் குளிர்பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பென்சிலால்தான் எழுதுகிறோம். பின்னுறை நல்ல பொருள், பஸ் சீசனும் திருத்திய பேப்பர்களும் அதில்தான் போய்வருகின்றன. புள்ளி பதிகிற பக்கம் பரவாயில்லை.

ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு, ரியூசன் கூடாத வீட்டுக்கு, இந்த டயறி தாராளமாகப் போதும். உயர்தரத்துக்கு வாங்குகிறவர்கள் கடையில் நின்றே சனிக்கிழமைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஒரு கிழமை வேலையை அதில் எழுத முடியுமா என்று விரலால் அளந்து பாருங்கள். ஐந்துக்கு இரண்டு புள்ளி போடுவேன், அதில் ஒன்று உறைக்கு.

ஒன்று மட்டும், மகளின் கொப்பியை நான் திறந்து பார்ப்பதில்லை என்று எங்களுக்குள் பேச்சு. ஞாயிறு இரவு அவளே கொண்டுவந்து காட்டினால் பார்ப்பேன். இன்று காட்டினாள். பள்ளிக்கூட இரசாயனவியல் பக்கம் சுத்தம். உயிரியலில் ஒரு வரி. பௌதிகவியல் ரியூசன் பக்கத்தில் மூன்று வரி வெட்டாமல் நிற்கிறது. அதில் ஒன்று இரண்டு கட்டுரை, சேர் கொடுத்து 26 நாள். எப்போது தீர்ப்பாய் என்று கேட்டேன்.

அறுவடைக்குத் தருகிறாளாம்.